வாட் கணக்கும் காது கணக்கும்



வீட்டு ஸ்டீரியோவுக்கு உயர்தர ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாலு கம்பெனிப் பெயர் சொல்வான், குறித்துக்கொண்டு போய் வாங்கிவிடலாம் என்று சிலர் பேனாவோடு வந்திருப்பது தெரிகிறது. பேனாவை மூடிவிட வேண்டாம். ஆனால் இன்ன கம்பெனியை வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மூன்று கேள்விகளைத்தான் தரப்போகிறேன். எந்த அறை? எந்த ஸ்பீக்கர்? எவ்வளவு சத்தம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஷோரூம் படியேறுகிறவர், கடைக்காரர் எதை விற்க நினைக்கிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவார்.

ஒரு லட்ச ரூபாய் ஆம்புக்கும் பத்து லட்ச ரூபாய் ஆம்புக்கும் என்ன வித்தியாசம்? "ஒன்பது லட்சம்!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வருகிறது. நண்பரே, அது பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இந்த ஒரு மணி நேரத்தில் பார்க்கப்போகிறோம்.

முதலில், ஆம்ப்ளிஃபயர் என்ன செய்கிறது? சின்ன ஒலியைப் பெரிதாக்குகிறது என்போம். உண்மையில் சிடி பிளேயரிலிருந்து வரும் சிக்னல் ஆம்புக்குள் போய் வளர்ந்து வெளியே வருவதில்லை. ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திருகுகிறவனின் பலம் கொஞ்சம்தான். பாய்கிற தண்ணீர் ஏரியுடையது. கை எப்படி அசைகிறதோ அதே கணக்கில் தண்ணீர் பாய வேண்டும், அவ்வளவுதான் நம் எதிர்பார்ப்பு. சிக்னல் அந்தக் கை. சுவர் பிளக்கிலிருந்து வந்து, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, கெபாசிட்டர்களில் தேங்கி நிற்கும் மின்சாரம் அந்த ஏரி. ஸ்பீக்கரில் நீங்கள் கேட்பது முழுக்க முழுக்க மின்வாரியத்தின் மின்சாரம். அதைத்தான் எம்.எஸ். குரல் என்கிறோம், இளையராஜாவின் வயலின்கள் என்கிறோம்!

அதனால்தான் பழைய கைகள், ஆம்பைப் பார்த்ததும் முகப்பைப் பார்க்காமல் தூக்கிப் பார்ப்பார்கள். கனம் என்பது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் கனம். நீல மீட்டர், தங்கக் குமிழ் இவையெல்லாம் பிறகு. உள்ளே தேக்கம் இல்லையென்றால் மிருதங்கக்காரர் ஓங்கி ஒரு தட்டு தட்டும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. (இந்தக் கன விதிக்கு இன்றைக்கு ஒரு பெரிய விலக்கு வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

சரி, கை அசைவின்படியே மின்சாரம் பாய்கிறதா? இல்லையே! வால்வும் சரி, டிரான்சிஸ்டரும் சரி, இயல்பிலேயே கொஞ்சம் கோணல் பேர்வழிகள். உள்ளே போன வடிவம் வேறு, வெளியே வரும் வடிவம் வேறு. அந்தக் கோணலுக்குத்தான் டிஸ்டார்ஷன் என்று பெயர். அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பெனிக்காக இந்தக் கோணலோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய எஞ்சினியர் ஒருவர் இருந்தார், ஹரோல்ட் பிளாக் என்று பெயர். தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் வழிநெடுக ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் கெடுத்தால், கடைசியில் கேட்பவருக்கு என்ன மிஞ்சும்? 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு வழி தோன்றியது. வெளியே வருவதில் ஒரு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, மறுபடி உள்ளே செலுத்தினால் என்ன? ஆம்ப் தன் தப்பைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளுமே! கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைத் தாளிலேயே வரைந்து கையெழுத்தும் போட்டுவைத்தார். நெகட்டிவ் ஃபீட்பேக் பிறந்த கதை அதுதான். காப்புரிமை கிடைக்க 1937 ஆனது. இன்று நம் வீடுகளில் ஓடும் ஆம்ப்களில் பெரும்பாலானவற்றுக்குள் அந்தப் படகுப் பயணம் இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கென்றதும் நெளிய வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்.

எந்த அறை? நம் ஊர் அடுக்குமாடி வீட்டு ஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் பத்தடி தூரம். எந்த ஸ்பீக்கர்? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தருவது. இது சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. ஸ்பீக்கரின் காகிதத்திலேயே சென்சிடிவிட்டி என்று போட்டிருப்பார்கள். தூரத்தில் குறைவதையும் அறைச் சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆளுக்கு ஒரு வாட் கொடுக்கும்போது ஜோடி ஸ்பீக்கரும் சேர்ந்து உங்கள் சோபாவில் சுமார் 83 டெசிபல் தரும். எவ்வளவு சத்தம்? நிம்மதியாக உட்கார்ந்து கச்சேரி கேட்க சராசரி 75 டெசிபல் போதும். அதற்கு எத்தனை வாட் ஆகிறது தெரியுமா? ஆறில் ஒரு பங்கு வாட்!

ஆறில் ஒரு பங்கு வாட்டுக்கா இத்தனை லட்சம் என்று கேட்கத் தோன்றும். பொறுங்கள். சராசரி வேறு, உச்சம் வேறு. நன்றாகப் பதிவு செய்த தனி ஆவர்த்தனத்தில் உச்சம் சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகும். 10 டெசிபல் ஏற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. ஆறில் ஒரு பங்கை நூறால் பெருக்குங்கள், 16 வாட் வருகிறது. நாதஸ்வரமும் தவிலும் கோயில் பிராகாரத்தில் கேட்கிற மாதிரியே வேண்டும், சராசரி 85 வேண்டும் என்கிறீர்களா? இன்னொரு பத்து மடங்கு. 160 வாட். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பார்த்தீர்களா? அதே அறை, அதே ஸ்பீக்கர், அதே தவில். ஒருவருக்கு 16 வாட் போதும், இன்னொருவருக்கு 160 வாட் வேண்டும். இவர்கள் இருவரும் ஒரே கடையில் ஒரே ஆம்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டால் யார் சொல்வது சரி? இதில் இன்னொரு வேடிக்கை, இன்றைய சினிமாப் பாடல்கள் பலவற்றில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே 20 டெசிபலெல்லாம் கிடையாது. மாஸ்டரிங்கிலேயே அமுக்கி எட்டுக்கும் பத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டை மட்டும் கேட்பவருக்குப் பெரிய ஆம்ப் வீண் செலவு.

ஸ்பீக்கரை மாற்றினால் கணக்கு எப்படிப் புரள்கிறது என்று பாருங்கள். 1946-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பால் கிளிப்ஷ் என்பவர் செய்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கர் இருக்கிறது. அறை மூலையில் நிறுத்த வேண்டிய பீரோ அளவு பெட்டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 105 டெசிபல். இன்னொரு பக்கம், பி.பி.சி. வானொலிக்காரர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக்கேட்க 1970-களில் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ. இரண்டு கைகளுக்குள் அடங்கும் குட்டிப் பெட்டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 83. இரண்டுக்கும் 22 டெசிபல் வித்தியாசம். அதாவது கிளிப்ஷ்ஹார்னுக்கு ஒரு வாட் கொடுத்தால் கிடைக்கும் சத்தம் குட்டிப் பெட்டியில் வேண்டுமென்றால் 158 வாட் கொடுக்க வேண்டும். கொடுத்தால் என்ன ஆகும்? குட்டிப் பெட்டி எரிந்துபோகும். அது அவ்வளவு தாங்காது. ஆக, அந்த ஸ்பீக்கரைக் காதலிக்கிறவர் பெரிய சத்தத்தின் மேல் ஆசை வைக்கக் கூடாது. அதன் மனிதக் குரலுக்காக அந்தத் தியாகத்தைச் செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

வாட் பற்றிப் பேசும்போது நம் ஊரில் எல்லோரும் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பி.எம்.பி.ஓ.! சென்னை ரிச்சி தெருவில் நடந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அகல ஸ்பீக்கர் இரண்டு, தீப்பெட்டி போல ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. எங்கிருந்து வந்தது இந்த ஆயிரம்? எங்கிருந்தும் வரவில்லை. அந்த எண்ணை எப்படி அளப்பது என்று யாரும் ஒத்துக்கொண்ட விதி கிடையாது. இந்த விளையாட்டு அமெரிக்காவிலும் நடந்ததுதான். அங்கே 1974-இல் வணிக ஆணையம் விதியே போட்டுவிட்டது. விளம்பரத்தில் வாட் என்று எழுதினால் அது இரண்டு சேனலும் ஒருசேர ஓடும்போது தொடர்ந்து தரக்கூடிய அளவாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் தடை எத்தனை ஓம்ஸில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்றும் சொல்ல வேண்டும். நீங்களும் கடையில் இதையே கேளுங்கள். இரண்டு சேனலும் ஓடும்போதா? எத்தனை ஓம்ஸில்? எவ்வளவு டிஸ்டார்ஷனில்? விற்பவர் இதற்குப் பதில் சொல்லத் திணறினால், நான் தந்த மூன்று கேள்விக்குப் போகாமலேயே வெளியே வந்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1978-இல் என்.ஏ.டி. 3020 என்று ஒரு சின்ன ஆம்ப் வந்தது. பார்க்க ஒன்றும் இருக்காது, சாம்பல் நிற முகப்பு, பிளாஸ்டிக் குமிழ். 20 வாட் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் கஷ்டமான ஸ்பீக்கரை மாட்டி ஓங்கி ஒரு தட்டு வரும்போது, நொடிப்பொழுதுக்கு அதைப் போல் மூன்று மடங்கு கொடுக்கும். பக்கத்தில் 50 வாட், 60 வாட் என்று எழுதிய பளபளப்பான பெட்டிகள் திணறும் இடத்தில் இது பாடும். எழுதிய எண்ணைவிட அதிகம் தந்த பெட்டி அது. இன்றும் அதைப் பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கஷ்டமான ஸ்பீக்கர் என்றேனே, அது என்ன? ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம்ஸ் என்று ஒட்டியிருக்கும். அது ஒரு பேச்சுக்கு. ஒரே ஸ்பீக்கர் பாஸ் பகுதியில் ஓரிடத்தில் 25 ஓம்ஸுக்கு ஏறும், கொஞ்சம் தள்ளி மூன்றரைக்கு இறங்கும். இறங்கும் இடத்தில் ஆம்பிடமிருந்து கரண்டை உறிஞ்சும். 1980-களில் அமெரிக்காவில் அபோஜி சின்டில்லா என்ற ஸ்பீக்கர் வந்தது, 1 ஓம்! பல ஆம்ப்களுக்கு அது எமன். அதை மூச்சு வாங்காமல் ஓட்டக்கூடியவை என்று பேர் வாங்கிய கனரக ஆம்ப்களை க்ரெல் போன்ற கம்பெனிகள் செய்தன. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆம்பின் காகிதத்தில் 8 ஓம்ஸுக்கு எத்தனை வாட், 4 ஓம்ஸுக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். 100 வாட், 4 ஓம்ஸில் 200-ஐ நெருங்குகிறதா? தேக்கம் இருக்கிறது. 100, 120 என்று நின்றுவிடுகிறதா? முகப்புக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

நண்பர்களே, இப்போது பெரிய சண்டைக்கு வருகிறோம். எல்லா ஆம்பும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறதா?

1985-இல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற எஞ்சினியர் ஒரு சவால் விட்டார். எவ்வளவு விலையுள்ள ஆம்பை வேண்டுமானாலும் காட்டுங்கள். 48 மணி நேரத்தில் என் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்பை அதே போல ஒலிக்கவைக்கிறேன் என்றார். ஸ்டீரியோஃபைல் என்ற பத்திரிகை சவாலை ஏற்றது. பல ஆயிரம் டாலர் விலையுள்ள ஒரு வால்வ் ஆம்பை எதிரே வைத்தார்கள். பெயரை அப்போது வெளியிடவில்லை. நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாந்தா ஃபே நகரில் கார்வர் வந்து உட்கார்ந்தார்.

அவர் பயன்படுத்திய வழி அழகானது. ஒரே பாட்டை இரண்டு ஆம்புக்கும் கொடுத்து, இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிடுவது. இரண்டும் ஒன்றேயானால் மிச்சம் பூஜ்யம். ஸ்பீக்கரில் சத்தமே வராது. வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் மட்டும் கீச்சுக் கீச்சென்று கேட்கும். அதைக் கேட்டுக்கேட்டு ஒரு ரெசிஸ்டரை மாற்றுவார், ஒரு கெபாசிட்டரைச் சேர்ப்பார். முதல் சுற்றில் பத்திரிகைக்காரர்கள் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டார்கள். கார்வர் மறுபடி சால்டரிங் அயனை எடுத்தார். மிச்சம் 70 டெசிபல் கீழே போனது, அதாவது ஒரு கோடியில் ஒரு பங்கு சக்தி. அதன் பிறகு பத்திரிகை ஆசிரியர்களால் இது எது, அது எது என்று சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்று அவர்களே அச்சில் ஒப்புக்கொண்டார்கள். அதற்காகவே அவர்களுக்கு ஒரு வணக்கம் போடலாம். பிற்பாடு தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டிகள் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை என்று அதே பத்திரிகை எழுதப்போய் விவகாரம் வழக்கு வரை போனது தனிக்கதை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்று, வால்வின் இனிமை என்பது மந்திரம் அல்ல, டிரான்சிஸ்டரிலும் கொண்டுவர முடிந்த ஒரு குணம். இரண்டு, ஆம்ப்களுக்குள் வித்தியாசம் உண்டு! இல்லையென்றால் கார்வர் ஏன் அயனைப் பிடித்துக்கொண்டு ராப்பகலாக உட்கார வேண்டும்? அந்த வித்தியாசத்தின் பெரும் பகுதி எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் சொல்கிறேன். வால்வ் ஆம்புக்கு உள்ளே தானாகவே ஒரு தடை இருக்கும், 2 ஓம்ஸ் என்று வையுங்கள். ஸ்பீக்கர் 20 ஓம்ஸில் இருக்கும்போது வோல்டேஜில் 91 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகிறது. 4 ஓம்ஸுக்கு இறங்கும்போது 67 சதவீதம்தான் போகிறது. கணக்குப் போட்டால் சுமார் 2.7 டெசிபல் மேடு பள்ளம். யாரோ உங்களுக்குத் தெரியாமல் டோன் கண்ட்ரோலைத் திருகிவிட்ட மாதிரிதான். சில ஸ்பீக்கரில் அது குரலுக்கு ஒரு கதகதப்பைத் தரும், சிலதில் பாஸைக் கொழகொழவென்று ஆக்கும். வால்வ் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த ஸ்பீக்கரோடு என்று கேளுங்கள்.

நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்களை எடுத்துக்கொண்டால், அவை தங்கள் எல்லைக்குள் ஓடும்வரை வித்தியாசம் மிக மிகச் சிறியது. 1987-இல் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. இருநூற்றுச் சொச்சம் டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வ் ஆம்ப் வரை திரைக்குப் பின்னால் வைத்தார்கள். கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. "எனக்குக் கேட்கிறதே!" என்கிறார்கள். கேட்கலாம், ஐயா, நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டீர்களா?

இதுதான் ஷோரூமின் பழைய தந்திரம். அரை டெசிபல் சத்தம் கூடினால் நம் காதுக்கு அது சத்தமாகத் தெரியாது. தெளிவாகத் தெரியும், உயிர்ப்பாகத் தெரியும், "மேடை விரிந்துவிட்டது சார்" என்று தெரியும். விலை கூடிய பெட்டியின் வால்யூமை ஒரு மயிரிழை கூட்டி வைத்தால் போதும். அதனால் டெமோவுக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டரைக் கொண்டுபோங்கள். போனில் 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் பதிந்துகொள்ளுங்கள். அதை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து ஏ.சி. வோல்டேஜைப் பாருங்கள். முதல் ஆம்பில் 2.00 வோல்ட் வந்தால், இரண்டாவதில் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே வரும்வரை வால்யூமைத் திருகுங்கள். பிறகு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். லட்ச ரூபாய் உங்களுடையது.

அப்படியானால் எண்ணை மட்டும் பார்த்து வாங்கலாமா? அந்த ஓரத்துக்கும் போக வேண்டாம். 1970-களில் ஜப்பானியக் கம்பெனிகள் டிஸ்டார்ஷன் எண்ணைக் குறைப்பதில் ஓட்டப்பந்தயமே நடத்தின. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் என்று பூஜ்யங்களை அடுக்கினார்கள். ஃபின்லாந்துக்காரர் மட்டி ஒட்டாலா 1970-லேயே எச்சரித்தார்: நிதானமான டோனை வைத்து அளந்தால் எண் அழகாக வரும், ஆனால் திடீரென்று பாயும் ஒலிக்கு ஈடுகொடுக்க முடியாத ஆம்ப், ஃபீட்பேக் வந்து சேர்வதற்குள் தடுக்கி விழும் என்று. அந்தக் குறையை எஞ்சினியர்கள் பிறகு கற்றுத் திருத்திக்கொண்டார்கள். காகிதத்து எண் எதை அளக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி ஒரு முக்கியமான பிரிவு, சூடு. நம் ஊரில் இதைப் பேசாமல் ஆம்ப் வாங்கக் கூடாது. கிளாஸ் ஏ என்று ஒரு வகை. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தையும் குடித்துக்கொண்டே இருக்கும். சேனலுக்கு 25 வாட் தரும் கிளாஸ் ஏ ஆம்ப் ஒன்று, மௌனமாக நிற்கும்போதே இருநூறு வாட்டுக்கு மேல் சூடாக்கி அறைக்குள் விடும். தினம் நாலைந்து மணி நேரம் கேட்டால் ஒரு யூனிட் அதற்கே. லண்டனில் டிசம்பரில் இது அனுகூலம். சென்னையில் மே மாதம்? ஆம்ப் ஒரு பக்கம் சூடேற்ற, ஏசி ஒரு பக்கம் குளிரூட்ட, அந்த ஏசியின் இரைச்சலில் பாட்டின் மென்மையான பகுதி மூழ்கிப்போக, எதற்கு இந்தப் பாடு? தவிர, எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது தொழில்காரர்கள் கணக்கு. கிளாஸ் ஏ-யின் ஒலியை நான் குறை சொல்லவில்லை. இங்கே அது வாழ வசதியில்லை என்கிறேன்.

முன்னே ஒரு விலக்கு என்றேனே, அது கிளாஸ் டி. மின்சாரத்தை விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி, அந்தத் துடிப்புகளின் அகலத்தால் பாட்டை வடிப்பது. 1964-இலேயே இங்கிலாந்தில் சின்க்ளேர் எக்ஸ்-10 என்ற பெயரில் கிட்டாக விற்றார்கள். சரியாக ஓடவில்லை, அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்கு அவ்வளவு வேகம் இல்லை. பல பத்தாண்டுகள் "அது சப்-வூஃபருக்குத்தான் லாயக்கு" என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். பெல்ஜியத்து எஞ்சினியர் புரூனோ புட்சேஸ் போன்றவர்கள் அந்தப் பேச்சை மாற்றினார்கள். இன்று அவர் வடிவமைப்பில் வரும் மாட்யூல்கள் அளவையில் எந்தக் கனரக ஆம்புக்கும் சளைத்தவை அல்ல. உள்ளே போகும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகிறது. தூக்கினால் கனமே இருக்காது, கை வைத்தால் சூடே இருக்காது. கனத்தைப் பார்த்து மதிப்புப் போடும் பழைய கைகளுக்கு அதனாலேயே நம்பிக்கை வருவதில்லை. என்னைக் கேட்டால், கடலோர ஊரில், மாடி வீட்டில், சாதாரண ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு நல்ல கிளாஸ் டி அல்லது வழக்கமான கிளாஸ் ஏபி ஆம்ப், அறுபதிலிருந்து நூறு வாட், தாராளம்.

அப்படியானால் மேற்கொண்டு கொடுக்கும் பணம் எதற்கு? சிலதற்கு அது நியாயமான விலைதான். வால்யூம் கண்ட்ரோலைச் சொல்லலாம். மலிவான குமிழ்களில் மெல்லிய சத்தத்தில் இடது வலது சமமாக இருக்காது. பாடகர் ராத்திரி பதினோரு மணிக்கு மட்டும் இடதுபக்கம் நகர்ந்து உட்காருவார். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். பல ஆம்புகள் அரை வோல்ட்டிலேயே முழுச் சக்தியைக் காட்டிவிடும். அதனால் குமிழ் எட்டு மணி, ஒன்பது மணி நிலையைத் தாண்டவே தாண்டாது, அந்தக் குறை தினமும் காதில் விழும். ரெசிஸ்டர்களை அடுக்கிச் செய்த நல்ல வால்யூம் கண்ட்ரோலுக்கு இந்தக் கோளாறு இல்லை. அடுத்தது இரைச்சல். கிளிப்ஷ்ஹார்ன் மாதிரி ஸ்பீக்கரில் ஆம்பின் சன்னமான "உஸ்" கூட அறை முழுக்கக் கேட்கும். இவற்றுக்குக் காசு கொடுங்கள். ஒரு அங்குல கனத்து அலுமினிய முகப்புக்கும் கொடுக்கலாம், ஆசை இருந்தால். நகை வாங்குகிறோம் இல்லையா? ஒலிக்கு என்று சொல்லிக்கொண்டு கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட, சர்வீஸுக்குக் கொடுங்கள். பழுதானால் யார் பார்ப்பார்? இந்த ஊரில் பார்ப்பாரா, பெட்டி கட்டி சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டுமா? சர்க்யூட் வரைபடம் கிடைக்குமா? நம் வீட்டு ஆம்புக்கு வரும் ஆபத்துகள் வெளிநாட்டு விமர்சகர் எவரும் எழுதாதவை. கரண்ட் 230 வோல்ட் என்பது பெயருக்கு. மாலையில் இறங்கும், நள்ளிரவில் ஏறும். இன்வெர்ட்டருக்கு மாறும்போது, அது சதுர அலை வகையாக இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வண்டாக ரீங்காரமிடும். கடல் காற்றில் சாக்கெட்டுகள் பச்சை பூக்கும். பிறகு பல்லி! கதகதப்புக்காக மேல் துளை வழியாக இறங்கி, அவுட்புட் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே படுத்துத் தானும் போய், ஆம்பையும் அழைத்துப்போன பல்லிகளைப் பழுது பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். துளையை அடைக்காதீர்கள், வெந்துபோகும். மெல்லிய கம்பி வலை போடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். நல்ல யோசனைதான், பழைய நல்ல ஆம்ப் புதிய சுமாரான ஆம்பைவிட மேல். முதலில் பின்பக்கம் திருப்பி வோல்டேஜ் எழுத்தைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுப் பெட்டிகள் 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டிகள் 120. நேராக நம் பிளக்கில் சொருகினால் அன்றைக்கே கருமாதி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், அதன் விலையையும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா? பலர் கை வைத்த பெட்டி. மூடியைத் திறக்க விட்டால் கெபாசிட்டர் தலைகளைப் பாருங்கள்; தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தூசு.

கடைசியாக, மறுபடி அந்த மல்டிமீட்டர். பாட்டு எதுவும் ஓடாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, டெர்மினலில் டி.சி. மில்லிவோல்ட் பாருங்கள். ஐந்து, பத்து, இருபது என்றால் ஆரோக்கியம். நூறைத் தாண்டினால் உள்ளே ஏதோ நோய் இருக்கிறது, அது ஒரு நாள் உங்கள் ஸ்பீக்கரையும் தொற்றும். வால்வ் ஆம்பில் இந்தச் சோதனை செல்லாது. அதில் வெளியே வரும் வழியிலேயே டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஓட்டவும் கூடாது.

சொன்னதைச் செய்துகாட்ட இங்கே மேசைமேல் பழைய ஆம்ப் ஒன்றை மூடி கழற்றி வைத்திருக்கிறேன், பக்கத்தில் மீட்டரும் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பெரிய கெபாசிட்டர் இரண்டின் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம், கரண்ட் இல்லாமலும் அவை உதைக்கும். உங்கள் ஹாலின் அளவையும் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியையும் எழுதிக்கொண்டு வந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவோம்.